போனையே கம்ப்யூட்டருக்கு ரிமோட் ஆக்குவது எப்படி

பெரியப்பாவின் கட்டிலுக்கும் கம்ப்யூட்டர் மேசைக்கும் நடுவில் 11 அடி இருக்கும். முழங்கால் தேய்ந்துபோனவருக்கு அது சின்ன தூரம் இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பழைய நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டுப் படுப்பார், தவில் தனி ஆவர்த்தனம் வந்ததும் சத்தம் எகிறிவிடும், பக்கத்து அறையில் பெரியம்மா புரண்டு படுப்பது கேட்கும், மெதுவாக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வருவார். கச்சேரி முடிந்ததும் நிறுத்துவதற்கு இன்னொரு நடை. "டிவிக்கு இருக்கிற மாதிரி இதுக்கும் ஒரு ரிமோட் கிடைக்குமாடா?" என்று ஒரு நாள் கேட்டார். கேட்கும்போது அந்த ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. அவருடைய போன்.

இதைச் சொல்லித்தரும் வீடியோக்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் "இந்தச் செயலியை இறக்குங்கள், இந்தப் பட்டனை அழுத்துங்கள்" என்று போய்விடும். இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்குச் செய்யாது, ஏன் என்று தெரியாமல் அந்தச் செயலியை நீக்கிவிட்டு இன்னொன்றைத் தேடுவோம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் இந்த அலைச்சல் இல்லை. நிஜமாகவே எளிமையான விஷயம்தான்.

முதலில் கீபோர்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். எச் கீயை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குள் எச் என்ற எழுத்து போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போவது 11 என்ற எண். யுஎஸ்பி கீபோர்டுகளுக்கான பொது விதியில் ஏ கீக்கு 4, பி கீக்கு 5 என்று வரிசையாக எண் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கில் எச் 11. விரலை எடுத்ததும் "விட்டாச்சு" என்று இன்னொரு செய்தி போகும். கீபோர்டின் வேலை அத்தோடு முடிந்தது. 11 வந்தால் திரையில் எந்த எழுத்தைக் காட்டுவது என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்: ஆங்கிலத்தில் வைத்திருந்தால் எச், தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறையை வைத்திருந்தால் க. மவுஸும் இதே கதைதான். அம்புக்குறி திரையில் எங்கே நிற்கிறது என்று மவுஸுக்குத் தெரியவே தெரியாது. "வலப்பக்கம் இவ்வளவு நகர்ந்தேன், மேலே இவ்வளவு நகர்ந்தேன்" என்று மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் இந்தக் குட்டிச் செய்திகளை வேறு யாராவது அனுப்பினாலும் கம்ப்யூட்டர் கேட்குமா? கேட்கும். போனின் திரையில் நீங்கள் விரலை இழுத்தால் எவ்வளவு இழுத்தீர்கள் என்று போனுக்குத் தெரியும், அதை மவுஸ் சொல்வது போலவே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடலாம். ஒலியைக் கூட்டு, அடுத்த பாட்டு, நிறுத்து எல்லாமே இதுபோன்ற ஒரு வரிச் செய்திகள்தான். ஆக இதில் இருப்பது மூன்றே மூன்று: சொல்கிற போன், அது சொல்வதைக் கேட்பதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு காது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. எப்போது மக்கர் செய்தாலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இதில் பலரும் மறந்துவிடுவது அந்தக் காதைத்தான். போனில் செயலியைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் எதையும் போடாமல், "கனெக்ட் ஆகவே இல்லை" என்பார்கள். கேட்க ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

காது இருந்தால் மட்டும் போதாது, யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். 1955இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் ஃப்ளாஷ்மேட்டிக் என்ற டிவி ரிமோட்டைக் கொண்டுவந்தது. யூஜின் பாலி என்ற பொறியாளர் உருவாக்கியது. பார்க்க டார்ச் லைட் மாதிரி இருக்கும், டிவி திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் செல் வைத்திருப்பார்கள், எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறீர்களோ அதற்கேற்ப சேனல் மாறும், சத்தம் நிற்கும். வேலை செய்தது. ஆனால் ஜன்னல் வழியாக வெயில் வந்து அந்த மூலையில் விழுந்தாலும் சேனல் மாறியது! வெளிச்சம் யாருடையது என்று அந்தக் காதுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு நாம் போனையும் கம்ப்யூட்டரையும் 'பேர்' செய்கிறோமே, இரண்டிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்த்து ஓகே கொடுக்கிறோமே, அது இதற்காகத்தான். என் போன் சொன்னால் கேள், அடுத்த வீட்டுப் போன் சொன்னால் கேட்காதே என்று அறிமுகம் செய்து வைக்கிறோம். அந்தப் படியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

சரி, நடுவில் இருக்கும் வழிக்கு வருவோம். சில போன்களின் தலையில் டிவி, ஏசி எல்லாவற்றையும் இயக்குகிற இன்ஃப்ராரெட் விளக்கு இருக்கும், அதை வைத்துக் கம்ப்யூட்டரையும் இயக்கலாமே என்று நினைக்கலாம். முடியாது, ஏனென்றால் சாதாரணக் கம்ப்யூட்டரில் அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும் கண் கிடையாது. நமக்கு இருப்பது இரண்டு வழிகள், ப்ளூடூத்தும் வைஃபையும்.

ப்ளூடூத் வழியில் ஒரு பெரிய வசதி, கம்ப்யூட்டரில் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ப்ளூடூத் கீபோர்டு, மவுஸ் சொல்வதைக் கேட்பதற்கான காது விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. போன் தன்னை ஒரு கீபோர்டு என்று சொல்லிக்கொண்டால் போதும். 2005இல் வந்த சோனி எரிக்சன் கே750ஐ போனிலேயே இந்த ரிமோட் வசதி இருந்தது, அந்தக் குட்டி ஜாய்ஸ்டிக்கை வைத்தே மவுஸை நகர்த்தலாம். ஆண்ட்ராய்டில் செயலிகளுக்கு இதற்கான வழியை முறைப்படி திறந்துவிட்டது 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9. அதற்குப் பிந்தைய போன் உங்களிடம் இருந்தால் பிளே ஸ்டோரில் 'ப்ளூடூத் கீபோர்டு மவுஸ்' என்று தேடினால் பல செயலிகள் வரும். ஐபோனில் செயலிகளுக்கு இந்த வழி இல்லை, அவர்கள் வைஃபை பக்கம்தான் போக வேண்டும். ப்ளூடூத் ஒரு அறைக்குள், சுமார் 10 மீட்டர் வரைக்கும் நம்பலாம். நடுவில் கல் சுவர் வந்தால் தடுமாறும். அலுவலகக் கம்ப்யூட்டர் மாதிரி நாமாக எதையும் நிறுவ அனுமதி இல்லாத இடங்களில் இதுதான் சரிப்படும்.

வைஃபை என்றதும் இன்டர்நெட் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் வேறு. உங்கள் வீட்டு ரூட்டர், வீட்டுக்குள் இருக்கிற கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்கிறது, அதுதான் வைஃபை. அந்த ரூட்டர் வெளியுலகத்தோடு இணைந்திருக்கிறதே, அது இன்டர்நெட். போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற ரிமோட் செய்தி வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை, ரூட்டர் வரைக்கும் போய் அப்படியே திரும்பிவிடும். ரீசார்ஜ் முடிந்துபோயிருந்தாலும், கேபிள் அறுந்து நெட் இல்லாமல் கிடந்தாலும், ரிமோட் வேலை செய்யும். டேட்டா ஒரு துளிகூடச் செலவாகாது. கம்ப்யூட்டருக்கு வைஃபை இல்லையா? பரவாயில்லை, அதே ரூட்டரில் கேபிள் மூலம் இணைந்திருந்தாலும் போதும்.

ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுத்து வைத்திருக்கும், 192.168.1.5 என்பது போல. அதுதான் ஐபி முகவரி. வீட்டுக்குக் கதவு எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள் பல நிரல்கள் ஒரே நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதில் யாருக்கு இந்தச் செய்தி என்று சொல்ல இன்னொரு எண், அது போர்ட். இந்த இரண்டையும் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் விஎல்சியில் பார்ப்பதுதான் சிறந்தது, பெரியப்பாவுக்கு நான் முதலில் செய்துகொடுத்ததும் அதுதான். பாட்டுக்கும் படத்துக்கும் நம் ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் அந்த ஆரஞ்சுக் கூம்பு விஎல்சிக்குள்ளேயே ரிமோட்டுக்கான காது இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல், தங்கள் வளாக நெட்வொர்க்கில் வீடியோ அனுப்புவதற்காகத் தொடங்கிய திட்டம் அது. பெயரே 'வீடியோலேன் கிளையன்ட்' என்பதன் சுருக்கம்தான். நெட்வொர்க் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டரில் விஎல்சியைத் திறந்து டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்ஸஸ் போங்கள். இடது பக்கம் கீழ் மூலையில் 'சிம்பிள்', 'ஆல்' என்று இரண்டு இருக்கும், 'ஆல்' தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். இன்டர்ஃபேஸ் என்பதற்குக் கீழே மெயின் இன்டர்ஃபேஸஸ் இருக்கும், அதில் 'வெப்' என்பதை டிக் செய்யுங்கள். அதற்கும் கீழே லூவா என்று ஒன்று, அங்கே லூவா எச்டிடிபி என்ற பகுதியில் பாஸ்வேர்டு கேட்கும், ஒன்று கொடுத்துவிடுங்கள், காலியாக விட்டால் உள்ளே விடாது. சேவ் செய்து, விஎல்சியை மூடித் திறங்கள். விண்டோஸின் காவல்காரனான ஃபயர்வால் "இதை அனுமதிக்கலாமா?" என்று கேட்டால் 'பிரைவேட் நெட்வொர்க்' என்பதற்கு மட்டும் சரி சொல்லுங்கள். இப்போது கம்ப்யூட்டரின் வைஃபை செட்டிங்ஸில் ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஐபிவி4 முகவரி என்று எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொண்டு, போனின் பிரவுசரில் அந்த எண்ணை அடித்து, ஒரு முக்காற்புள்ளி போட்டு, 8080 என்று சேருங்கள். 192.168.1.5:8080 என்பது மாதிரி. 8080தான் விஎல்சியின் காது இருக்கும் போர்ட். பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டு, பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். கம்ப்யூட்டரில் ஓடும் பாட்டு, அதன் நேரக் கோடு, ஒலி அளவு எல்லாம் போனில் வந்து நிற்கும். போனில் எந்தச் செயலியும் போடவில்லை, பார்த்தீர்களா? சொல்வதற்குப் பிரவுசரே போதும், காதுதான் முக்கியம்.

அன்றைக்கு ராத்திரி பெரியப்பா படுத்தபடியே ஒலிக்கோட்டை விரலால் இழுத்துக் குறைத்தார், கூட்டினார், மறுபடி குறைத்தார். "தவில்காரர் நான் சொன்னா கேக்கிறார்டா" என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து "போதும் தூங்குங்க" என்று குரல் கொடுக்கும் வரைக்கும் விடவில்லை.

இதில் ஒரு குறை, விஎல்சியை மட்டும்தான் இயக்க முடியும். முழுக் கம்ப்யூட்டரையும் இயக்க, நான் யார் கேட்டாலும் சொல்வது கேடிஇ கனெக்ட். இலவசம், விளம்பரம் கிடையாது, நிரலின் மூலமும் எல்லோருக்கும் திறந்தது, 2013 முதல் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் உண்டு, போன் பக்கம் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் உண்டு. இரண்டு பக்கமும் நிறுவி, ஒரே வைஃபையில் இருந்தால் ஐபி முகவரியெல்லாம் தேட வேண்டாம், "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுத்து அதுவே கண்டுபிடித்துவிடும். பேர் செய்ததும் போனில் 'ரிமோட் இன்புட்' திறந்தால் வெற்றுத் திரை வரும், அதுதான் டச்பேட். ஒரு விரலால் இழுத்தால் அம்புக்குறி நகரும், ஒருமுறை தட்டினால் கிளிக், இரண்டு விரலால் தட்டினால் வலது கிளிக், இரண்டு விரலால் இழுத்தால் பக்கம் உருளும். செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டே போகின்றன, நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை அதே வைஃபையில் இருக்கும் இன்னொருவர் நடுவில் படிக்க முடியாது. விஎல்சியின் வெப் வழியில் இந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் அதை வீட்டு வைஃபையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு இது பெரிய உதவி. ஸ்லைடு மாற்ற கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை, கடைசி பெஞ்சுக்குப் போய் நின்றுகொண்டே அடுத்த ஸ்லைடுக்குப் போகலாம். பவர்பாயின்டில் எஃப்5 அழுத்தினால் ஸ்லைடு ஷோ தொடங்கும், நடுவில் பி அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் வந்துவிடும். பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு உங்களைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் அந்த ஒரு கீ எவ்வளவு பயன்படும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் வீட்டில் ஓடியது வெளியிடத்தில் ஓடாமல் போகலாம், அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு அரங்கில் பேசப் போயிருந்தேன், போனும் லேப்டாப்பும் அந்த இடத்தின் வைஃபையில், இரண்டிலும் நெட் நன்றாக வருகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று தெரியவே இல்லை. முன் வரிசையில் ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நிமிடம் செயலியை மூடுவதும் திறப்பதுமாக ஓடியது. பிரச்சினை செயலியில் இல்லை, வழியில் இருந்தது. விடுதி, கல்லூரி, அலுவலகம் போன்ற பொது வைஃபைகளில், ஒருவர் கருவியை இன்னொருவர் தொடக்கூடாது என்பதற்காகக் கருவிகள் தங்களுக்குள் பேசுவதைத் தடுத்து வைத்திருப்பார்கள். நெட்டுக்கு மட்டும் வழி விடுவார்கள். வீட்டு ரூட்டரில் இருக்கும் 'கெஸ்ட்' வைஃபையும் பெரும்பாலும் இப்படித்தான். பொதுமக்கள் பாதுகாப்புக்கு அது சரியான ஏற்பாடு, அதைக் குறை சொல்ல முடியாது.

தீர்வு நம் பையிலேயே இருக்கிறது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை அதில் இணைத்துவிடுங்கள். இப்போது போனே ரூட்டர், நடுவில் தடுக்க யாரும் இல்லை. ஆண்ட்ராய்டு போன் என்றால் அப்போதே மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், ரிமோட்டுக்கு அது தேவையில்லை. அணைக்காவிட்டால் லேப்டாப் "நெட் வந்துவிட்டது" என்று விண்டோஸ் அப்டேட்டை இறக்க ஆரம்பித்து அன்றைய டேட்டாவை முழுக்க விழுங்கிவிடும். இப்போதெல்லாம் வெளியிடம் என்றால் நான் அங்கிருக்கும் வைஃபையை முயல்வதுகூட இல்லை, நேரே ஹாட்ஸ்பாட்தான்.

வீட்டிலேயே திடீரென்று தெரியாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது, விண்டோஸ் உங்கள் வைஃபையை 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருக்கிறதா என்பது. பப்ளிக் என்றால் ஃபயர்வால் காதைப் பொத்திவிடும். வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் 'பிரைவேட்' என்று மாற்றினால் பல நேரங்களில் அங்கேயே சரியாகிவிடும். போனில், நெட்டை வேறு வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகலாம். விஎல்சி திறக்கவில்லை என்றால் ஐபி முகவரி மாறியிருக்கும், ரூட்டர் அவ்வப்போது எண்ணை மாற்றிக் கொடுக்கும், புதிய எண்ணைப் பார்த்து அடியுங்கள். ரூட்டர் செட்டிங்ஸில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடவும் முடியும், பெரியப்பாவுக்கு அப்படித்தான் செய்து, அந்த முகவரியைப் போனின் முகப்புத் திரையில் ஒரு ஐகானாக வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போய்விட்டால் காதும் தூங்கிவிடும். அதை எழுப்ப 'வேக் ஆன் லேன்' என்று ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அட்டைக்கென்று பிறவி எண் ஒன்று இருக்கும், அதை 16 முறை திருப்பித் திருப்பிச் சொல்லும் 102 பைட் செய்தியை அனுப்பினால், தூக்கத்திலும் விழித்திருக்கும் அந்த அட்டை கம்ப்யூட்டரை எழுப்பிவிடும். கேபிளில் இணைந்த டெஸ்க்டாப்பில் நன்றாக வேலை செய்யும், முதலில் பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கிற அடிப்படை செட்டிங்ஸில், இதை இயக்கி வைக்க வேண்டும்.

தமிழில் எழுதலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். மேலே சொன்ன 11ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ப்ளூடூத் வழியில் எழுத்து போவதில்லை, கீயின் எண்தான் போகிறது, தமிழ் எழுத்துக்கென்று அந்தப் பட்டியலில் எண் கிடையாது. அதனால் போனில் தமிழ் கீபோர்டு வைத்து 'க' தட்டினால் ஒன்றும் நடக்காது. கம்ப்யூட்டரில் தமிழ்99 வைத்துவிட்டு, போனிலிருந்து எச் தட்டினால் க வரும். வைஃபையில் இன்னும் சுலபம்: போனில் வழக்கம்போலத் தமிழில் எழுதி, அல்லது பேசியே எழுதவைத்து, காப்பி செய்து, கேடிஇ கனெக்டில் கிளிப்போர்டை அனுப்பு என்று கொடுங்கள், கம்ப்யூட்டரில் பேஸ்ட் செய்தால் வந்துவிடும். கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு பழகாத எத்தனையோ பேருக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதை நிறுவிக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் இதுவரை பேசியதில் கம்ப்யூட்டர் திரை போனுக்கு வருவதில்லை, சொல் மட்டும்தான் போகிறது. திரையையே தூரத்திலிருந்து பார்த்து இயக்குவது ரிமோட் டெஸ்க்டாப், அது இன்டர்நெட் வழியாகவும் நடக்கும், ஊர் விட்டு ஊர் நடக்கும். நல்ல கருவிதான், ஆனால் அங்கே உங்கள் திரையில் தெரிவதெல்லாம் எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் தெரியும். எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி, அதில் வரும் எண்ணை வாங்கி, வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குப் போனில் ரிமோட் வைத்துக் கொடுக்கும்போது, இந்த வேறுபாட்டை உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிவிடுங்கள். பெரியப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: "நீங்க கம்ப்யூட்டருக்குச் சொல்றது ரிமோட். எவனோ உங்க போனுக்குச் சொல்லணும்னு கேட்டா, அது திருட்டு."

போனை விற்கும்போதும், வேறு யாருக்காவது கொடுக்கும்போதும், முதலில் கம்ப்யூட்டர் பக்கத்தில் போய் அந்தப் போனை 'அன்பேர்' செய்துவிடுங்கள். பெரியப்பா போன தீபாவளிக்குப் புதுப் போன் வாங்கினார். பழையதைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் ராத்திரி பைரவி ஆலாபனை பாதியில் நின்று கார்ட்டூன் ஓட ஆரம்பித்ததும்தான் எனக்கு அன்பேர் செய்யச் சொல்லி போன் வந்தது.